புழக்கடைத் தோட்டம்: முதலில் குழி, பிறகு செடி

வயலில் நெல்லும் மணிலாவும் விளைவிக்கும் சிறு விவசாயி, வீட்டுச் சமையலுக்கு வேண்டிய கீரையையும் கத்தரிக்காயையும் விலை கொடுத்து வாங்குகிறார். ஒருவர் நாள் ஒன்றுக்குக் கீரை, கிழங்கு உட்பட சுமார் 300 கிராம் காய்கறி உண்ண வேண்டும் என்பது உணவியல் வல்லுநர்களின் பரிந்துரை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இது ஒன்றரைக் கிலோ ஆகும். இதற்கு 5 சென்ட் தோட்டம் போதும் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

திருவண்ணாமலை மாவட்டம் பெரணமல்லூர் போன்ற ஊர்களில், சுவரோடு சுவர் ஒட்டிய தெரு வீடுகளுக்கு 5 சென்ட் புழக்கடை கிடைப்பது அரிது. ஒரு சென்ட், அதாவது சுமார் 435 சதுர அடி இருந்தாலும் வீணாக்க வேண்டாம். தேவை முழுவதும் கிடைக்காவிட்டாலும் கீரை, மிளகாய், கறிவேப்பிலை, பந்தல் காய் ஆகியவற்றை வாங்கும் செலவு குறையும்.

ஆடியில் ஆர்வத்தோடு விதைத்துப் புரட்டாசியில் கைவிடுவோர் பலர். விதை சரியில்லை என்று எண்ணுகின்றனர். பெரும்பாலும் குறை விதையில் இல்லை, மண்ணில்தான் இருக்கிறது.

மக்காத குப்பையால் கேடு

மாடு உள்ள வீட்டில் பச்சைச் சாணத்தை அப்படியே செடியடியில் கொட்டுவது வழக்கம். அது மக்கும்போது சூடு உண்டாகி இளம் வேர் கருகும். கரையானும் வந்து சேரும். மணிலாத் தோல், கரும்புத் தோகை, வைக்கோல் ஆகியவற்றில் தழைச்சத்து மிகக் குறைவு. இவற்றை மக்காமல் மண்ணில் புதைத்தால், மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்கின்றன. செடி மஞ்சளாகி நின்றுவிடும். இதே குப்பை குழியில் மக்கிய பின் நல்ல எருவாகிறது.

எந்த முறை ஏற்றது?

ஆல்பர்ட் ஹோவர்டு என்ற அறிஞர் 1924 முதல் 1931 வரை ஆராய்ந்து வகுத்தது இந்தூர் முறை. குப்பையை மூன்று முறை புரட்ட வேண்டும். மூன்று, நான்கு மாதங்களில் எரு கிடைக்கும். 1939-ல் டாக்டர் ஆச்சார்யா வகுத்த பெங்களூர் முறையில் புரட்டும் வேலை இல்லை. ஆறு முதல் எட்டு மாதங்கள் ஆகும். தறியிலும் வயலிலும் ஓய்வில்லாத குடும்பத்துக்கு இதுவே ஏற்றது.

மார்கழி, தை மாதங்களில் குழி நிரப்பினால் ஆடிப் பட்டத்துக்கு எரு தயாராகும். போகியன்று கொளுத்தும் பழைய ஓலையும் வைக்கோலும் குழிக்கே போகட்டும்.

குழி எடுத்தல்

நீர் தேங்காத மேட்டில், நிழலில், கிணற்றுக்கு எட்டத்தில் 6 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழத்தில் குழி எடுக்கவும். குப்பையை அரை அடி உயரத்துக்குப் பரப்பி, 10 லிட்டர் நீரில் 2 கிலோ சாணம் கரைத்துத் தெளித்து, மேலே சிறிது மண் தூவவும். இப்படியே அடுக்கடுக்காகத் தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி வரை நிரப்பவும். பத்து நாள் கழித்து, குப்பை அமிழ்ந்த இடத்தை நிரப்பி, மண்ணும் சாணமும் குழைத்து மெழுகி மூடவும். வெடிப்பு கண்டால் மீண்டும் மெழுகவும். இல்லையேல் கோடையில் குப்பை காய்ந்து மக்காமல் நின்றுவிடும்.

கோரைக் கிழங்கு, அறுகம் வேர், பூத்த பார்த்தீனியம் ஆகியவற்றைக் குழியில் போடக் கூடாது.

நன்கு மக்கிய எரு கரும்பழுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையுடன் இருக்கும். கை வைத்தால் சூடு தெரியாது. ஐயம் இருந்தால் ஒரு சட்டியில் எருவைப் போட்டுச் சிறிது கீரை விதை தூவிப் பார்க்கலாம். நன்றாக முளைத்தால் பயன்படுத்தலாம். எரு அள்ளும்போது தென்படும் பருத்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும். இவற்றில் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்களும் இருக்கும்.

நெசவு வீட்டார் கவனத்துக்கு

பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் இட்டு வேகவைத்துப் பசை நீக்கிய நீரையும், சாயம் தோய்த்த நீரையும் தோட்டத்திலோ எருக்குழியிலோ விடக் கூடாது. சோடாவிலுள்ள சோடியம் மண்ணை இறுகச் செய்யும். நீர் உள்ளே இறங்காது. ஏற்கெனவே அவ்வாறு கெட்ட மண்ணாயின், மண் பரிசோதனை செய்து அதன்படி ஜிப்சம் இட்டு, நல்ல நீர் பாய்ச்சி வடித்துவிட வேண்டும். அரிசி, காய்கறி கழுவிய நீரைச் செடிகளுக்கு விடலாம். பாத்திரம் கழுவும் நீரை வாழைக்குத் திருப்பலாம்.

ஒரு சென்டில் நடவு

ஒரு சென்டுக்கு 100 கிலோ மக்கிய எரு இட்டுக் கொத்திவிடவும். ஒரு குழி எரு இதற்குத் தாராளமாகப் போதும்.

உயரமாக வளரும் முருங்கை, கறிவேப்பிலை ஆகியவை வடக்கு ஓரத்தில் இருந்தால் மற்றச் செடிகளுக்கு வெயில் மறையாது. பி.கே.எம். 1 செடிமுருங்கை ஒன்று போதும். இரண்டரை அடி உயரத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் விடும். புடலை, பாகல், அவரையைச் சுவரோரம் நட்டுப் பந்தலில் ஏற்றலாம். நடுவில் கத்தரியை 2 அடிக்கு 2 அடியும், வெண்டையை 2 அடிக்கு 1 அடியும் இடைவெளி விட்டு நடவும். கோ 3 கிள்ளுக்கீரையை மணலுடன் கலந்து தூவினால் 20 நாளிலிருந்து கிள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல், 15 நாளுக்கு ஒரு பாத்தி கீரை விதைத்தால் தொடர்ந்து கிடைக்கும்.

இடமே இல்லாத வீட்டில் உடைந்த பானை, பழைய சிமெண்டு சாக்கு உதவும். அடியில் துளையிட்டு, ஓட்டாஞ்சில்லு பரப்பி, செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பவும்.

வாடிய கத்தரி நுனியில் புழு இருக்கும், கிள்ளி அழிக்கவும். நரம்பு மஞ்சளான வெண்டையை உடனே பிடுங்கி அகற்றவும். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு, அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

விதை, கன்று பற்றிய விவரங்களை அந்தந்த வட்டாரத் தோட்டக்கலை அலுவலர்களிடம் கேட்டுப் பெறலாம். ஆனால் விதை வாங்குமுன் குழி நிரம்பியிருக்க வேண்டும்.