தந்தத்தில் நிற்கும் நாயக்கர்

“ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் ஓவியம் லண்டனில் இருக்கிறது. அவருக்கு முன் திருச்சியை ஆண்ட நாயக்கர்களுக்கு மட்டும் உருவப்படம் கிடையாதா?” என்று உறையூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உண்டு. ஆனால் யார் பார்ப்பதற்காக என்பதில்தான் வித்தியாசம். நவாப் 1769-இல் சென்னை வந்த ஓவியர் டில்லி கெட்டிலையும், பிறகு ஜார்ஜ் வில்லிசனையும் வரையச் சொன்னது, சீமையில் உள்ளவர்கள் தன்னை அரசனாக மதிக்க வேண்டும் என்பதற்காக. கழுத்துவரை கடனில் மூழ்கியிருந்தவருக்கு அது அவசியம். வில்லிசன் தீட்டிய படம் இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் (ஆட்சி 1706–1732) தன்னைக் காட்ட நினைத்தது அரங்கனுக்கு. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் அவரும் குடும்பத்தாரும் கைகூப்பி ஆளுயரச் சிலைகளாக நிற்கிறார்கள். கோயில் அருங்காட்சியகத்தில் நாயக்க அரச தம்பதியரின் சின்னஞ்சிறு தந்தச் சிற்பங்களும் உண்டு. எனக்குப் பிடித்தவை இவைதான்.

கல்லில் வேண்டிய அளவு வெட்டிக்கொள்ளலாம்; தந்தத்தில் யானைதான் அளவைத் தீர்மானிக்கும். சிறுவயதில் மலைக்கோட்டை அடிவாரத்தில் வாங்கித் தின்ற கடலைப் பொட்டலம் நினைவிருக்கிறது. அதைப் போன்ற கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியதுபோலத்தான் தந்தம் வளர்கிறது. வேர்ப்பக்கம் வெறும் குழி, நுனிப்பக்கம்தான் கெட்டி. அதனால் பெரிய உருவம் வேண்டுமென்றால் துண்டு துண்டாகச் செதுக்கி ஆணி அடித்துப் பொருத்த வேண்டும். தந்தச் சிற்பம் லேசாக ஒசிந்து நிற்பதை நாம் ஒயில் என்று ரசிக்கிறோம். பல சமயம் அது தந்தத்தின் வளைவு. குறுக்கே வெட்டிய முகப்பில் வலைபோல ரேகைகள் பின்னியிருந்தால் அது யானைத் தந்தம். எலும்பில் அது வராது.

தந்தம் காய்ந்தால் இந்தக் கூம்புகளின் வழியே விரிசல் விடும். ஈரம் பட்டால் உப்பும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சித்திரை வெயிலும் ஐப்பசி ஈரமும் மாறி மாறி அடிக்கும் தீவில் இந்தச் சிற்பங்கள் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததே பெரிது. நாமோ மூலவரைச் சேவித்த கையோடு பிரசாதக் கடைக்கு ஓடுகிறோம். அருங்காட்சியகத்துக்குள் போகிறவர்களும் கண்ணாடியைத் தட்டிப் பார்க்கிறார்கள், பளிச்சென்று விளக்கடித்துப் படம் எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

தந்த வியாபாரத்துக்கு நாட்டில் தடை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். இனி ஒரு நாயக்கரைத் தந்தத்தில் செதுக்கப்போவதில்லை. அடுத்த முறை ஸ்ரீரங்கம் போனால் கால் மணி நேரம் ஒதுக்கி இவர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள்.