பங்குனி உத்திரமும் 'சொந்த ஊர்' விதியும்

தலைநகரில் மத்திய அரசுப் பணியில் இருக்கும் தமிழர் பலருடைய சர்வீஸ் புத்தகத்தில் 'சொந்த ஊர்' என்று ஓர் ஊரின் பெயர் பதிவாகியிருக்கும். விடுமுறைப் பயணச் சலுகைக்காக அறிவித்த ஊர் அது. பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் அதை மாற்றலாம். அதற்கும் துறைத் தலைவரின் அனுமதி வேண்டும்.

எது சொந்த ஊர்? குடும்ப, சமூகக் கடமைகளுக்காக ஊழியர் அவ்வப்போது நேரில் போக வேண்டிய ஊரா, வேலையில் சேர்ந்த பின்னும் அடிக்கடி போய்வருகிறாரா என்பதையே விதி முதலில் கேட்கிறது. வீடு உண்டா, நெருங்கிய உறவினர் உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்தார் பலருக்கு இந்தக் கேள்விக்கு விடை பங்குனி உத்திரம். அன்றுதான் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலில் பங்காளிகள் கூடுகிறார்கள். பொங்கலிடுவதும், தாய்மாமன் மடியில் வைத்துக் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்துவதும் அங்கேதான். பெற்றோர் மறைந்து, பூர்வீக வீடு பாகம் பிரிந்து பூட்டிக் கிடக்கிற குடும்பத்துக்கும் கூடுவதற்கு ஓர் இடம் மிஞ்சுகிறது.

ஆனால் டில்லிவாசிக்கு அது இக்கட்டான காலம். மார்ச் 31 கணக்கு முடிப்பு ஒரு பக்கம், பிள்ளைகளின் பரீட்சை மறுபக்கம். 2024-ல் உத்திரம் மார்ச் 25, ஹோலியன்று வந்தது. சனி, ஞாயிறு சேர்த்து மூன்று நாள் விடுமுறை. ஆனால் நெல்லைக்குப் போகவே ரயிலில் இரண்டு இரவு கழியுமே! 2025-ல் ஏப்ரல் 11-ல் வந்தது. கணக்குத் தொல்லை தீர்ந்தது. பள்ளிகளிலோ புது வகுப்பு தொடங்கிவிட்டது.

நிஜாமுதீனிலிருந்து நெல்லை வழியாகக் கன்னியாகுமரி செல்லும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரம் இரு முறைதான். முன்பதிவுக் காலமும் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஆகவே புதுப் பஞ்சாங்கம் வந்ததும் தேதியைப் பார்த்து, பொங்கலுக்குள் அண்ணன் தம்பிகள் பேசி முடிவு செய்துவிடுவது நல்லது.

சலுகை ஏதும் இல்லாத தனியார் ஊழியர்களும் கூலித் தொழிலாளர்களும் கையிலுள்ளதைச் சேர்த்து வைத்து ஊர் போகிறார்கள். போக முடியாதவர்கள் தலைக்கட்டு வரியையாவது அனுப்பிவிடுகிறார்கள். வரி கட்டினால் கோயில் பட்டியலில் பெயர் நிற்கும். ஆனால் டில்லியில் பிறந்த பிள்ளைக்குப் பெரியப்பா மகன் யார், அத்தை மகள் யார் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லித் தராது. இரண்டு தலைமுறை போகாமலிருந்து, குலதெய்வம் எதுவென்றே தெரியாமல் விசாரித்து அலையும் குடும்பங்களும் உண்டு.

2026–29 நான்காண்டுத் தொகுதியில் அரசு ஊழியர் இரு முறை ஊர் போய்வரலாம். அதில் ஒன்றை நாட்டில் வேறெங்கு செல்லவும் பயன்படுத்திக்கொள்ளலாம். மற்றதையாவது சகோதரர்கள் எல்லோரும் ஒரே உத்திரத்துக்கென்று வைத்துக்கொண்டால், சர்வீஸ் புத்தகத்தில் உள்ள ஊர் பிள்ளைகளுக்கும் சொந்த ஊராகும்.