ஸ்காட்லாந்திலும் கூழ்தான்!

சித்திரை வெயிலில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் போயிருக்கிறீர்களா? மரத்தடியில் பானை வைத்துக் கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ் விற்பார்கள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், சின்ன வெங்காயம். ஒரு சொம்பு குடித்தால் 'அப்பாடா' என்றிருக்கும்!

அப்படிக் கூழ் குடித்து வளர்ந்த வீட்டிலேயே ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் என்றதும், "ஓட்ஸ் சாப்பிடுங்க" என்கிறார் டாக்டர். "வெள்ளைக்காரன் சாப்பாடு நமக்கு ஒத்துக்குமா?" என்று பாட்டி முகம் சுளிக்கிறார்.

பாட்டிக்கு ஒரு சேதி... அதுவும் கூழ்தான்!

பிரிட்டனின் வடகோடியில் இருப்பது ஸ்காட்லாந்து. குளிரும் ஈரமும் அதிகம். கோதுமை சரியாக வராது. நம் வறண்ட பூமிக்குக் கம்பு மாதிரி அவர்களுக்கு ஓட்ஸ். 1755ல் வெளிவந்த அகராதியில் சாமுவேல் ஜான்சன், 'இங்கே குதிரைத் தீனி, அங்கே மனிதர் சாப்பாடு' என்ற பொருளில் ஓட்ஸைக் கிண்டலே செய்திருக்கிறார். கூழை ஏழைச் சாப்பாடு என்று நம்ம ஊரில் ஏளனம் செய்யவில்லையா? அதே கதைதான்!

அவர்களின் 'பாரிட்ஜ்' உப்புப் போட்ட கஞ்சி. பாரம்பரியமாக அதில் சர்க்கரை கிடையாது. கிளற நம் களித் துடுப்பு போல ஒரு மரக்குச்சி உண்டு, பெயர் 'ஸ்பர்ட்டில்'. கார்பிரிட்ஜ் என்ற கிராமத்தில் 1994 முதல் நடக்கும் பாரிட்ஜ் போட்டியில் முதல் பரிசே 'தங்க ஸ்பர்ட்டில்'தான்!

செய்முறை (2 பேருக்கு)

சாதாரண ஓட்ஸ் 1 கப், தண்ணீர் 3 கப், உப்பு கால் டீஸ்பூன். தண்ணீர் கொதித்ததும் ஒரு கையால் ஓட்ஸைத் தூவி, மறு கையால் கட்டி தட்டாமல் கிளறுங்கள். பாதி வெந்ததும் உப்புச் சேர்த்து, சிறு தீயில் குழைய விடுங்கள். அவர்கள் ஒவ்வொரு கரண்டியையும் தனிக் கிண்ணத்தில் உள்ள குளிர்ந்த பாலில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். நீங்கள் ஆறவிட்டு, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளுங்கள். பாட்டியும் ஒரு கிண்ணம் கேட்பார்!

கொலஸ்ட்ரால் எப்படிக் குறைகிறது?

ஓட்ஸில் 'பீட்டா குளுக்கன்' என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. இது குடலில் பசையாகி, பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. புதிதாகப் பித்தம் சுரக்க, ஈரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. இதற்குத் தினம் 3 கிராம் பீட்டா குளுக்கன் வேண்டும். ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ். பார்லியிலும் இது உண்டு. கம்பு, கேழ்வரகில் அவ்வளவாக இல்லை.

அதற்காகக் கூழை நிறுத்திவிடாதீர்கள்! கம்பில் இரும்புச்சத்து, கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். நாலு நாள் ஓட்ஸ், மூணு நாள் கூழ் என்று மாற்றிக்கொள்ளலாமே.

கவனம்!

* இட்லி சாப்பிட்ட பிறகு ஓட்ஸ் என்றால் பலன் இல்லை. இட்லிக்குப் பதிலாகத்தான் ஓட்ஸ்.
* மசாலா ஓட்ஸ் பாக்கெட்டுகளில் உப்பு அதிகம். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்கவேண்டும். ரத்தக் கொதிப்பு இருந்தால் ஊறுகாய், மோர் மிளகாயையும் தள்ளி வையுங்கள்.
* சர்க்கரை நோயாளிகளுக்கும் அளவு முக்கியம். உடனடி ஓட்ஸைவிட, உடைத்த ஓட்ஸ் மெதுவாகச் செரிக்கும்.
* சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே சாப்பிடவேண்டும்.
* 'கஞ்சி குடிக்கிறேனே' என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஊர் வேறு, தானியம் வேறு. பானையும் துடுப்பும் ஒன்றுதான். நாளைக் காலையே அடுப்பில் ஏற்றிப் பாருங்களேன்!