பஞ்சுமிட்டாய்க் கணக்கு

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஐரோப்பாவில் இருக்கும் ரோமா மக்கள் நம் நாட்டிலிருந்து போனவர்களாமே? அவர்கள் போதைக்குச் சுலபமாக அடிமையாவதற்கு மரபணுதான் காரணம் என்று ஒரு காணொலியில் சொன்னார்கள். உண்மையா?”

முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைக் காணொலியோடு விட்டுவிடுங்கள்.

ரோமாக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து கிளம்பியவர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு இன்றும் ‘யேக், துய், த்ரின்’ என்கிறார்கள். தசையைத் தளரச் செய்யும் ஒரு பரம்பரை நோய்க்குக் காரணமான ஓரெழுத்துப் பிழை அவர்களிடமும் இருக்கிறது, இந்திய, பாகிஸ்தான் குடும்பங்கள் சிலவற்றிலும் இருக்கிறது. பேச வேண்டிய இடத்தில் மரபணு இவ்வளவு தெளிவாகப் பேசும். போதைப் பழக்கமோ அப்படி ஓரெழுத்தில் தொங்குவதில்லை. ‘போதை மரபணு சிக்கியது’ என்று வரும் செய்தித்தாளெல்லாம் எங்கள் வீட்டில் பஜ்ஜி எண்ணெய் ஒற்றத்தான் பயன்படுகிறது.

ருமேனியாவுக்குப் போவோம். ஊசிவழி போதை ஏற்றிக்கொள்பவர்களில் புதிதாக எச்ஐவி கண்டவர்கள் அங்கே 2009 வரை ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். 2011இல் நூற்றைத் தாண்டிவிட்டது. தலைநகர் புக்கரெஸ்டில்தான் அடி அதிகம். ரோமாக்கள் நிறைய வாழும் ஃபெரென்டாரி வட்டாரமும் அதில் சிக்கியது. இரண்டு வருஷத்தில் யாருக்கும் மரபணு மாறாது. மாறியது சரக்கு.

ஹெராயினுக்குத் தட்டுப்பாடு வந்த நேரத்தில், ‘செடி உரம்’, ‘குளியல் உப்பு’ என்று சீட்டு ஒட்டிய பொட்டலங்கள் கடையிலேயே கிடைத்தன. சட்டம் தடுக்காததால் தெருவில் அதற்குப் பெயரே ‘லெகாலே’. அரசு விழித்துக்கொண்டு தடை போட்டபோது பழக்கம் ஊன்றிவிட்டது. உள்ளே இருந்தவை மெபெட்ரோன் போன்ற, ‘காத்தினோன்’ எனப்படும் ஊக்கப்போதை வகைகள்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஹெராயின் பழைய சோறு மாதிரி. உடம்புக்குள் மார்ஃபீனாக மாறி நாலைந்து மணி நேரம் தாங்கும். நாளுக்கு மூன்று, நான்கு வேளையில் ஆள் அடங்குவார். காத்தினோன் பஞ்சுமிட்டாய். மூளையில் நரம்பு முனை கக்கிய டோபமைனைத் திரும்ப உறிஞ்சி உள்ளே சேர்க்க ஒரு மோட்டார் உண்டு. மெபெட்ரோன் அந்த மோட்டாரைத் தலைகீழாக ஓடவைக்கிறது. தொட்டியில் இருந்ததெல்லாம் வெளியே கொட்டுகிறது. ஆகா என்று ஒரு வெள்ளம். சற்று நேரத்தில் தொட்டி காலி. பஞ்சுமிட்டாய் நாக்கில் பட்டதும் கரைகிற மாதிரி. கரைந்ததும் ‘இன்னொன்று’ என்று கை நீளும். நாளுக்குப் பத்து ஊசி, அதற்கு மேலும்.

பஞ்சுமிட்டாய்க்குக் குச்சி வேண்டுமல்லவா? மிட்டாய்க்காரரிடம் மிட்டாய் குவிந்திருக்கிறது, குச்சி தீர்ந்துபோயிற்று. தெருப் பிள்ளைகள் ஒரே குச்சியை மாற்றி மாற்றிச் சப்புகிறார்கள். உவமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும் என்று தெரியும். ஆனால் நடந்தது இதுதான். புது ஊசி விநியோகத்துக்குக் கைகொடுத்த ‘குளோபல் ஃபண்ட்’ என்ற சர்வதேச நிதியத்தின் உதவி 2010இல் முடிந்தது. ஊசி தேவை ஏறிய அதே சமயத்தில் ஊசி வரவு இறங்கியது. பல தடவை குத்திய ஊசியை உருப்பெருக்கியில் பாருங்கள்: முனை மழுங்கி, தூண்டில் முள்போல் வளைந்திருக்கும். ரத்தக் குழாயைக் கிழிக்கும். உந்துதண்டை முழுக்க அழுத்தினாலும் குழலின் கழுத்தில் ஒரு சொட்டு ரத்தம் தங்கும். வைரஸுக்கு அது போதும்.

ஒரு கணக்குப் போடுங்கள். எச்ஐவி உள்ளவரின் ஊசியை ஒருமுறை பகிர்ந்தால் தொற்றும் வாய்ப்பு 10,000க்குச் சுமார் 63. பத்து ஊசியில் ஒன்று அப்படிப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு மூன்று ஊசி என்றால் ஓராண்டில் தொற்ற வாய்ப்பு ஏறக்குறைய பாதி. நாளுக்குப் பத்து என்றால் 90 சதவீதம். நான் தாளில் போட்ட தோராயக் கணக்குதான். ஆனாலும் இதில் ‘இனம்’ என்று ஒரு எண் எங்கே வருகிறது, காட்டுங்கள் பார்ப்போம்.

சரித்திரம் வேண்டுமென்பவர்களுக்கு ஒரு பத்தி. இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதியான வலாக்கியாவில் ரோமாக்கள் 1856 வரை அடிமைகள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளும் கூட்டாளிகளும் அவர்களைக் கொன்று குவித்தார்கள். 1989இல் ருமேனியாவின் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்து ஆலைகள் மூடியபோது முதலில் வேலை இழந்தவர்களில் அவர்களும் உண்டு. 2005 முதல் 2015 வரை ‘ரோமா பத்தாண்டு’ என்று பல நாடுகள் கூடிக் கொண்டாடின. மாநாடுகளுக்குக் குறைவில்லை.

மருந்து? ஹெராயினுக்கு மெத்தடோன் இருக்கிறது. அது கேழ்வரகுக் களி. ஒருவேளை கொடுத்தால் நாள் முழுக்கத் தாங்கும், ஊசியும் வேண்டாம். காத்தினோனுக்கு அப்படி ஒரு களியை இன்னும் யாரும் கிண்டவில்லை. ‘மருந்து வந்துவிட்டது’ என்பவர்களை நம்பிப் பைசா கொடுக்காதீர்கள்.

ரோமாக்களை மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பதில் ஓரளவு பலித்தது ஒரு சாதாரண ஏற்பாடு. ருமேனிய அரசு 2002 முதல் ரோமா பெண்களையே பயிற்றுவித்து ‘சுகாதார இடையாளர்’களாகச் சம்பளத்துக்கு வைத்தது. தடுப்பூசிக்கு ஆள் சேர்ப்பது, கர்ப்பிணியை மருத்துவரிடம் அழைத்துப்போவது, அதற்கும் முன்னால் அடையாள அட்டைக்கு வழி செய்வது அவர்கள் வேலை. அட்டை இல்லாவிட்டால் காப்பீடு இல்லை. காப்பீடு இல்லாவிட்டால் மருத்துவரின் பதிவேட்டில் பெயர் ஏறுவதே பாடு. வெள்ளைக் கோட்டைக் கண்டு சாத்துகிற கதவு, பக்கத்துத் தெரு அக்காவுக்குத் திறக்கும்.

ஆக, வாசகரே, அடுத்த காணொலி மரபணு என்று ஆரம்பித்தால் இரண்டே கேள்வி கேளுங்கள்: நாளுக்கு எத்தனை ஊசி? அதில் புதுசு எத்தனை?