பாட்டியைப் பற்றி அம்மாவிடம் ஏன் கேட்கிறார்கள்?

மறதி நோய்ப் பரிசோதனைக்குப் பாட்டியை அழைத்துச் சென்றால், மருத்துவர் உங்கள் அம்மாவிடமும் கேள்வி கேட்பார். மறந்ததையே மறந்துவிட்டவருக்குத் தம் மாற்றம் தெரியாமல் போகலாம் அல்லவா?

ஆஸ்திரேலியாவில் 1989இல் வெளிவந்த 'ஐக்யூகோட்' வினாத்தாள், பத்து ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டியோடு இன்றைய பாட்டியை ஒப்பிடச் சொல்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. 3 என்றால் மாற்றமில்லை, 5 என்றால் மிக மோசம். பள்ளிக்கே போகாத பாட்டிக்கு எழுத்துத் தேர்வு வைத்தால், நோயில்லாமலே புள்ளி குறையும். இங்கே அவருக்குப் போட்டி அவரேதான்.

ஆனால், பதில் சொல்பவரும் மனிதர்தானே! பாட்டியைப் பராமரித்தே மனம் சோர்ந்த அம்மா, மாற்றத்தைக் கூட்டிச் சொல்லலாம். தீபாவளிக்கு மட்டும் வரும் மாமா கவனிக்காமலே விடலாம். எனவே புள்ளி கூடினாலும் மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கும் எழுதுவார். தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை ஆகியவையும் மறதியைத் தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.