வேதமும் வீடியோவும் பங்காளிகள்

‘வித்’ என்ற ஒரே வினைவேர் கண்டங்களைத் தாண்டிக் கிளை விட்டிருக்கிறது. அதன் முழு வரலாறு மட்டும் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.

கோயிலில் நைவேத்தியம். தெருமுனையில் வைத்தியர். அவரிடம் போய்ச் சொல்லும் வேதனை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போல் தோன்றும் இந்த மூன்று சொற்களுக்கும் மூலம் ஒன்றுதான்: சமஸ்கிருதத்தின் ‘வித்’. பொருள், அறிதல்.

வித்தை கற்றவர் வைத்தியர். இறைவனுக்கு அறிவித்துப் படைப்பது நைவேத்தியம். உணர்ந்து அறிவது வேதனை. வலி என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. வேதம், வித்யாலயம், சங்கீத வித்வான் எல்லாமே இந்தக் குடும்பம்தான்.

ஆனால் குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை உண்டு. பாணினி மரபின் தாதுபாடம் சுமார் 2,000 வினைவேர்களைப் பத்து கணங்களாகப் பிரிக்கிறது. அதில் ‘வித்’ பல இடங்களில் தலைகாட்டுகிறது. 2-ம் கணத்தில் அறிதல், 4-ல் இருத்தல், 6-ல் அடைதல், 7-ல் ஆராய்தல். ‘வேத்தி’ என்றால் அறிகிறான். ‘வித்யதே’ என்றால் இருக்கிறது. ‘விந்ததி’ என்றால் அடைகிறான். பசுக்களைக் கண்டடைபவன் என்று கோவிந்தனுக்குச் சொல்லப்படும் விளக்கம் இந்தக் கடைசிக் கிளையைச் சேர்ந்தது.

அறிவதற்கும் அடைவதற்கும் என்ன உறவு? விடை கிடைத்தது இந்தியாவுக்கு வெளியே. லத்தீனில் இதே வேருக்குப் பொருள் ‘பார்த்தல்’. அதிலிருந்து வந்தவைதான் வீடியோவும் விசாவும். பார்த்ததால் அறிகிறோம்; தேடிப் பார்த்தால் அடைகிறோம்; கண்ணில் படுவதை ‘இருக்கிறது’ என்கிறோம். முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது.

இலக்கணத்திலும் இதற்குத் தடயம் உண்டு. ‘வேத’ என்ற வினைமுற்று வடிவத்தில் இறந்தகாலம், பொருளில் நிகழ்காலம்: ‘பார்த்திருக்கிறான்’, எனவே ‘அறிவான்’. கிரேக்கத்தின் ‘ஒய்த’, ஜெர்மனின் ‘வைஸ்’ ஆகியவற்றிலும் இதே விசித்திரம். பாணினியும் இந்த வடிவத்துக்கென்று தனிச் சூத்திரம் ஒதுக்கியிருக்கிறார். வினைவேர்களில் காணும் இத்தகைய ஒற்றுமை தற்செயலாக இருக்க முடியாது என்றுதான் 1786 பிப்ரவரி 2 அன்று கல்கத்தா ஆசியவியல் கழகத்தில் வில்லியம் ஜோன்ஸ் வாதிட்டார்.

அதே அளவுகோல் சென்னையில் எதிர்த்திசையில் பயன்பட்டது. 1816-ல் எல்லிஸ் என்ற ஆங்கில அதிகாரி சமஸ்கிருத, தெலுங்கு வேர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று காட்டினார். ஒலி ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சாட்சியாகாது. விதையைக் குறிக்கும் தமிழ் ‘வித்து’வுக்கும் இந்த ‘வித்’துக்கும் எந்த ஒட்டுறவும் இல்லை.

சரி, ‘வித்’ எந்த நூலில், எந்தக் காலத்தில், எந்தப் பொருளில் வழங்கியது? அதைச் சொல்ல வேண்டியது புனே டெக்கான் கல்லூரியின் சமஸ்கிருதப் பேரகராதி. எஸ்.எம். காத்ரே 1948-ல் தொடங்கிய வேலை. சுமார் 1,500 நூல்களிலிருந்து திரட்டிய ஏறத்தாழ ஒரு கோடி சீட்டுகள் அங்கே இருக்கின்றன. முதல் தொகுதி வெளிவந்தது 1976-ல். 2020-களின் தொடக்கத்தில் தொகுதிகள் 35-ஐ எட்டியபோதும் அகராதி ‘அ’ வரிசையைத் தாண்டவில்லை.

‘வ’ வெகு தூரத்தில் இருக்கிறது. அறிதலைக் குறிக்கும் சொல்லைப் பற்றி முழுமையாக அறிய, இன்று அகராதியைப் புரட்டுகிறவர்களின் பேரப்பிள்ளைகளும் காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை சீட்டுகள் பத்திரமாக இருக்க வேண்டும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களும் இருக்க வேண்டும்.