நேற்றைய ஏடும் இன்றைய யந்திரமும்

நியாயஸ்தலத்துக்குப் புத்தகத்துடன் புறப்படும் வக்கீல், அந்தப் புத்தகம் இன்று அமுலில் உள்ள சட்டந்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024-ஆம் வருஷம் ஜூன் 30-ஆம் தேதி வரையில் 302-ஆம் பிரிவு என்றால் கொலைக்குத் தண்டனை என்பதைக் குமாஸ்தா முதல் சினிமாப் பார்க்கும் சிறுவன் வரை எல்லோரும் அறிவர். ஜூலை 1-ஆம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா அமுலுக்கு வந்தது. கொலைத் தண்டனை 103-ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. புதிய சட்டத்தின் 302-ஆம் பிரிவோ, பிறருடைய மத உணர்ச்சியைப் புண்படுத்தும் எண்ணத்துடன் பேசுவதைப் பற்றியது. எண் ஒன்றே, பொருள் முற்றிலும் வேறு. பழைய ஏட்டை வைத்துக்கொண்டு இன்றைய குற்றத்துக்கு வழக்காடுகிறவன் தன் கட்சிக்காரனைக் கெடுப்பான் என்பதில் சந்தேகமில்லை.

சர்க்கார் யந்திரங்களின் விஷயத்தில் நம் ஜனங்கள் இன்று பழைய ஏட்டுடன், பெரும்பாலும் எந்த ஏடுமே இல்லாமல், நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்பதே நமது முறையீடு.

உளுந்தூர்ப்பேட்டை தாலுகாவிலுள்ள களமருதூரை எடுத்துக்கொள்வோம். அவ்வூர்க் குடியானவன் ரேஷன் அரிசி வாங்கவும், பட்டா மாறுதல் செய்யவும், பிள்ளைக்குச் சாதிச் சான்று பெறவும் யந்திரத்தின் முன்னேதான் நிற்கிறான். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து இறங்கி வரும் பழங்குடிக் குடும்பத்தின் மனுவும் கணினி வழியாகவே போகிறது. நேற்று வரையில் ஓடிய யந்திரத்துக்கு இரவில் ஒரு புதுப்பிப்பு வந்து, காலையில் அது நின்றுவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் ரேகையை ஏற்க மறுக்கிறது; அல்லது தகப்பன் பெயரை மாற்றிக் காட்டுகிறது. தவறு எங்கே என்று யாரைக் கேட்பது? கடைக்காரருக்குத் தெரியாது. தாலுகா ஆபீஸிலும் தெரியாது. எழுதிக் கொடுத்த கம்பெனிக்கு மட்டுமே தெரியும். அந்தக் கம்பெனிக்கும் சில வேளைகளில் தெரிவதில்லை. அது ஏன் என்பதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது.

மென்பொருளை மனிதன் முதலில் மனிதன் படிக்கத்தக்க பாஷையில் எழுதுகிறான். அதுவே மூலநிரல். பிறகு அது யந்திரம் மட்டும் அறியும் எண்களாக மாற்றப்பட்டு நமக்கு விற்கப்படுகிறது. மேலும், எந்த மென்பொருளும் தனியே நிற்பதில்லை. வேறொருவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் அது எழும்புகிறது. நம் எழுத்தாளன் எழுதியது பத்து வரியானால், அதன் கீழே அஸ்திவாரத்தில் ஆயிரம் வரி ஓடும். பிழை மாடியிலா, அஸ்திவாரத்திலா என்று காண வேண்டுமானால் கீழே இறங்கிப் பார்க்க அனுமதி வேண்டும்.

இவ்வித அஸ்திவாரங்களில் பெயர் பெற்றது மைக்ரோசாப்ட் கம்பெனியின் டாட் நெட். பல வருஷங்கள் அதன் மூலநிரல் பூட்டியே கிடந்தது. 2007-ஆம் வருஷம் அக்டோபரில் அதைத் திறப்பதாக அறிவித்து, 2008 ஜனவரியில் கம்பெனி திறந்தும் வைத்தது. பார்க்கலாம், திருத்தக் கூடாது என்பது நிபந்தனை. ஆயினும், வரி வரியாக உள்ளே நடந்து சென்று பிழையைத் தேட வழி பிறந்ததென்று தொழிலாளர் மகிழ்ந்தனர்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மாதந்தோறும் விண்டோஸ் புதுப்பிப்பு வந்தது. அஸ்திவாரத்தின் செங்கற்கள் சில மாறின. திறந்து வைத்த ஏடோ பழையபடியே இருந்தது. பிழைதேடும் கருவி, ஓடுகின்ற கோப்பின் அடையாள எண்ணையும் கையிலுள்ள குறிப்பின் அடையாள எண்ணையும் ஒத்துப் பார்க்கும், வேறுபட்டால் ஏற்காது. வற்புறுத்தி ஏற்கச் செய்தால் இன்னும் ஆபத்து. பிழை 302-ஆம் வரியில் என்று கருவி காட்டும். பழைய ஏட்டின் 302-ஆம் வரியில் சம்பந்தமில்லாத வேறேதோ இருக்கும். நமது பாரதிய நியாய சன்ஹிதாவின் கதைதான்.

2014 பிப்ரவரியில் கம்பெனி அந்த ஏட்டைப் புதுப்பித்து வெளியிட்டது. அதே வருஷம் நவம்பரில், டாட் நெட்டின் புதிய கிளையை எவரும் படிக்கவும் திருத்தவும் வழங்கவும் தக்கபடி முழுவதும் திறந்துவிடுவதாக அறிவித்தது. பின்னர், யந்திர வடிவான ஒவ்வொரு கோப்பும் தான் எந்தத் திருத்தத்திலிருந்து பிறந்தது என்ற குறிப்பைத் தன்னுள்ளேயே சுமந்து வரும் ஏற்பாடும் வந்தது. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்றே. மூலத்தை ஒருமுறை திறந்து காட்டிவிட்டால் போதாது. ஒவ்வொரு மாறுதலுடனும் அதற்குரிய மூலமும் கூடவே வர வேண்டும்.

நம் தேசத்தில் நடந்ததென்ன? 2015-ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார், திறந்த மூலநிரலுக்கு முதலிடம் தருவதென்ற கொள்கையையும், சர்க்கார் மென்பொருள்களின் மூலநிரலைத் திறந்து வைக்கும் கொள்கையையும் வெளியிட்டது. கொள்கை நல்லது, மனமாரப் பாராட்டுகிறோம். 2020 ஏப்ரல் 2-ஆம் தேதி தொற்றுநோய்க் காலத்தில் ஆரோக்கிய சேது செயலி வந்தது. கோடிக்கணக்கானோர் அதைத் தங்கள் கைப்பேசியில் ஏற்றினர். மே 26-ஆம் தேதி ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குரிய மூலநிரல் வெளியிடப்பட்டது. ஆனால் வெளியிட்ட நிரலும் கைப்பேசிகளில் ஓடும் நிரலும் ஒன்றல்லவென்று தொழில் அறிந்தோர் உடனே குறை கூறினர். மத்தியக் கணினியில் ஓடும் பகுதி நவம்பரில்தான் வந்தது. நன்னோக்கத்துடன் திறந்த கதவும், உள்ளே இருப்பது வேறு அறையானால் பயன்படாது.

சட்ட விஷயத்தில் இக்கேள்விக்கு நம் நாடு முன்னமே விடை கண்டிருக்கிறது. ஜயப்பூர் சமஸ்தானத்தில் 1923-ஆம் வருஷம் மந்திரி சபை அபின் சட்டமொன்றை நிறைவேற்றியது. ஆனால் அதைப் பிரசுரிக்கவில்லை. அச்சட்டத்தின் கீழ் ஹர்லா என்பவருக்கு 50 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 1951-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டார், ஜனங்கள் அறிய வெளியிடாத சட்டம் ஜனங்களைக் கட்டுப்படுத்தாது என்று கூறி அவரை விடுவித்தனர். அரிசி உண்டா இல்லையா, சான்று கிடைக்குமா கிடைக்காதா என்று தீர்மானிக்கும் நிரலும் ஒருவகைச் சட்டமே. 50 ரூபாய் அபராதத்துக்கு உள்ள நியாயம், ஒரு குடும்பத்தின் மாத அரிசிக்கு இல்லையா?

ஆட்சேபங்களைக் கேட்போம். களமருதூரில் யார் இதைப் படிக்கப்போகிறார்கள் என்பர் சிலர். கெஜட்டைக் கிராமத்தார் எல்லோருமா படிக்கிறார்கள்? படிக்கத் தெரிந்த ஒருவன் கேட்டால் மறைக்காமல் காட்ட வேண்டும் என்பதே விஷயம். அவ்வூர்ப் பிள்ளைகளே நாளை அதைப் படிக்கும் இன்ஜினீயர்களாகலாம். திறந்தால் திருடன் புகுவான் என்பர் வேறு சிலர். பூட்டின் அமைப்பு வேறு, சாவி வேறு. சாவியைக் காட்டும்படி எவரும் கேட்கவில்லை. வியாபார ரகசியம் போய்விடும் என்பர் கம்பெனியார். பார்க்கலாம், திருத்தக் கூடாது என்ற நிபந்தனையுடன் உலகத்துப் பெரிய கம்பெனியொன்றே 2008-இல் திறந்திருக்கிறது. ஜனங்களின் பணத்தில் வாங்கும் பண்டத்துக்கு அதைவிடக் குறைந்த உரிமை எதற்கு?

இது நடக்காத காரியமுமல்ல. சென்னை சி-டாக் நிலையத்தார் பாஸ் என்ற இந்திய இயங்குதளத்தை டெபியன் என்னும் அஸ்திவாரத்தின் மேல் அமைத்தனர். டெபியனில், வெளிவரும் ஒவ்வொரு மென்பொருளோடும் அதே பதிப்பின் மூலநிரலும் வெளிவருகிறது. பழைய பதிப்புகளையும் காலவரிசைப்படி பாதுகாக்கிறார்கள். உலகெங்கும் உள்ள தொண்டர்கள் செய்வதை நமது சர்க்கார் செய்ய முடியாதா?

நாம் கோருவது மூன்று. சர்க்கார் வாங்கும் எந்த மென்பொருளுக்கும், அன்று ஓடும் பதிப்பின் மூலநிரலை ஒப்படைக்க வேண்டுமென்று டெண்டரிலேயே எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு புதுப்பிப்பும் தனக்குரிய மூலநிரலுடனும், என்ன மாறியது என்ற தமிழ்க் குறிப்புடனும் அன்றைய தினமே வர வேண்டும். பழைய பதிப்புகளை அழிக்கக் கூடாது. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்தை இன்றும் பழைய சட்டத்தின்படியே விசாரிக்கிறோம். அதுபோல, சென்ற வருஷம் தவறாக மறுக்கப்பட்ட சான்றுக்குச் சென்ற வருஷத்து நிரலே சாட்சியாகும்.

தேசத் தொண்டில் ஈடுபட்டோர் இதைத் தொழில்நுட்பர் சங்கதி என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு தாலுகாவிலும் கூட்டங்கூட்டித் தீர்மானம் செய்யுங்கள். சட்டசபை அங்கத்தினர்களைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனுப் போடுங்கள். நம்மை ஆளும் விதிகளை நாமே படிக்கும் உரிமைக்காக நம் முன்னோர் சிறை சென்றார்கள். அவ்விதிகள் இன்று யந்திரத்துக்குள் போய் ஒளிந்துகொண்டதற்காக, அந்த உரிமையை நாம் விட்டுவிடலாகாது.